தணல்மேல் காடை

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் காதுகுத்து, கிடாவெட்டு விருந்துகளுக்குக் கறி சமைக்கிறவன் நான். போகிற இடமெல்லாம் யாராவது ஒருத்தர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணே, காட்டுக்கறி ஏதாச்சும் கிடைக்குமா?" என்பார். கொக்கு, முயல், உடும்பு என்று அவர் ஆசை நீளும். கிடைத்தாலும் தொட மாட்டேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சிறைத்தண்டனை வரைக்கும் போகும். தவிர, இமயமலையைத் தாண்டி நம்ம கரைவெட்டி ஏரிக்கு வருகிற வரித்தலை வாத்தை அடித்துத் தின்ன மனசு வருமா? 2024இல் அந்த ஏரி ராம்சர் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டது.

பண்ணைக் காடை இருக்கும்போது நமக்கென்ன குறை? ஜப்பானியக் காடை 1974இல் இந்தியாவுக்கு வந்தது. 5 வாரத்தில் 200 கிராம் அளவுக்குத் தேறிவிடும். கொழுப்புக் குறைவு, அதனால் கொஞ்சம் அசந்தாலும் சக்கையாகிவிடும். முதுகெலும்பை ஒட்டி வெட்டி, விரித்து, நெஞ்சில் உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துங்கள். தட்டையாகப் படுத்தால் தொடையும் நெஞ்சும் சேர்ந்தாற்போல் வேகும். நம்மூர்ச் சின்ன வெங்காயம், மிளகு, இஞ்சி, பூண்டு அரைத்துக் கொஞ்சம் தயிரில் கலந்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். மிளகாய்த்தூள் வேண்டாம், கருகிக் கசக்கும்.

இனி நெருப்பு. அவசரக்காரர்களே, இதை மட்டும் கேளுங்கள்! சீமைக்கருவேலங் கரி எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்துவிட்டு எரியும்போது கறியை வைக்காதீர்கள். தணல்மேல் சாம்பல் வெள்ளையாகப் பூக்கட்டும். ஒரு சாண் உயரத்தில் கையைக் காட்டி நாலு எண்ணும்வரை தாங்கினால் அதுதான் பதம். எண்ணெய் சொட்டிக் கரும்புகை கிளம்பினால் காடையை ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். நல்லெண்ணெயில் தோய்த்த கறிவேப்பிலைக் கொத்தால் அவ்வப்போது தடவித் திருப்புங்கள். தொடைச் சந்தில் குத்தினால் சிவப்பில்லாமல் தெளிந்த சாறு வரவேண்டும். ஆலத்தூர்ப் பக்கம் ஒரு விருந்தில் பெரியவர் ஒருவர் ரெண்டு காடையை முடித்துவிட்டு, "கொல்லையில கண்ணி வச்சுப் புடிச்சதுதானே?" என்றார். பண்ணையில் வாங்கியது என்று கடைசிவரை நம்பவேயில்லை!

சுட்டதும் இறக்கி உடனே தின்னவேண்டும். கரிகாலன் வீட்டு விருந்தில் கம்பியில் குத்திச் சுட்ட கறியை, சூடு பொறுக்காமல் வாயில் இப்படியும் அப்படியுமாக ஒதுக்கித் தின்றதைப் பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடியிருக்கிறார். என் பந்தியிலும் ஆட்கள் அதையேதான் செய்கிறார்கள்.

புகை போடுவதைப் பற்றியும் பேசச் சொன்னார்கள், நேரம் ஓடிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயவைப்பதுதான் உப்புக்கண்டம். காய்ந்ததை விறகடுப்புக்கு மேலே கட்டிவிட்டால் புகை ஏறும், ஈ அண்டாது. வான்கோழிக்கும் முயலுக்கும் (பண்ணை முயலுங்க!) காடைக்குச் சொன்ன அதே தணல்தான், துண்டு பெரிசு, நேரம் கூடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரெண்டே ரெண்டு காடை வாங்கி ஆரம்பியுங்கள்.