வெளிநாடு செல்லும் குடும்பங்களும் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊரிலிருந்து சவூதிக்கும் அமீரகத்திற்கும் குவைத்திற்கும் செல்வோர் ஒரு காலத்தில் தனியாகவே சென்றனர். இன்று குடும்பத்துடன் செல்வோரும் உளர். அது மகிழ்ச்சிக்குரியது, தந்தையின் முகம் பாராமல் பிள்ளைகள் வளரும் நிலை மாறுகிறது. ஆனால் விசா, விமானச் சீட்டு, வீடு என்று எல்லாவற்றையும் பார்த்த பின்னர் கடைசியாகவே பள்ளியைப் பற்றி நினைக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் குடும்பத்தைச் சவூதிக்கு அழைத்துக்கொண்டார். விசா தாமதமாகி, செப்டம்பரில்தான் அவர்கள் சென்று சேர்ந்தனர். மகள் இங்கே பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்தாள். அங்குள்ள பள்ளியில் இடம் இல்லை. வேறு பாடத்திட்டத்திலிருந்து வரும் மாணவியைப் பத்தாம் வகுப்பில் சேர்க்க வாரியத்தின் அனுமதி பெறும் காலமும் கடந்துவிட்டது. ஒன்பது மாதங்கள் அச்சிறுமி நான்கு சுவர்களுக்குள் இருந்தாள். மறு ஜூனில் தாயும் மகளும் ஊர் திரும்பினர். தன்னிலும் இளையவர்களோடு அவள் மீண்டும் பத்தாம் வகுப்பில் அமர்ந்தாள். அவர்களை வழியனுப்ப நம்மில் பலர் சென்றிருந்தோம். "பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பிழையில் நமக்கும் பங்கு உண்டு. ஆதலால் இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, காலம். நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில் தொடங்குகின்றன. வளைகுடாவிலுள்ள இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குகின்றன. அரபு அரசுப் பள்ளிகளில் பயிற்றுமொழி அரபி என்பதால், நம் பிள்ளைகள் பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டமுள்ள இந்தியப் பள்ளிகளையே நாடுகின்றனர். ஜித்தா, ரியாத், தம்மாம் நகரங்களில் சர்வதேச இந்தியப் பள்ளிகள் உள்ளன. மஸ்கத் பகுதி இந்தியப் பள்ளிகளில் விண்ணப்பங்களை ஒருங்கே பெற்றுக் குலுக்கல் முறையில் இடம் ஒதுக்குகின்றனர். எனவே ஏப்ரல் சேர்க்கைக்கு முந்தைய குளிர்காலத்திலேயே விசாரிக்கத் தொடங்க வேண்டும். சவூதியில் பிள்ளையின் இகாமா இல்லாமல் சேர்க்கை நடப்பது அரிது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வகுப்பு. சி.பி.எஸ்.இ. முறையில் ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் மாணவர் பெயர் வாரியத்தில் பதிவாகிறது. ஆகவே பத்திலும் பன்னிரண்டிலும் நேரடியாகச் சேர்வது கடினம். பிள்ளை இவ்விரு வகுப்புகளில் இருக்குமாயின், தேர்வு முடியும் வரை தாயுடன் ஊரிலேயே இருப்பது நல்லது. ஓராண்டுப் பிரிவு, ஓராண்டுப் படிப்பை இழப்பதைவிட மேலானது.

மூன்றாவது, ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழில் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்கப்படுவது வழக்கம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின் இதற்காக விழுப்புரம் செல்லும் அலைச்சல் தீர்ந்தது. ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவூதி ஆகிய நாடுகளுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகத்திற்கோ அந்நாட்டுத் தூதரகச் சான்றும் தேவை.

இதில் நம்மவர் அதிகம் தடுமாறுவது பெயரில்தான். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுமையாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் எழுத்துக்கூட்டு வேறாக இருக்கும். மூன்றும் ஒன்றாக இருக்கும்படி இங்கேயே திருத்திக்கொள்வது எளிது. அங்கே போய்த் திருத்துவது பெரும்பாடு.

நான்காவது, செலவு. சவூதியில் 2017 ஜூலையில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டு, ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியாலானது. மனைவியும் இரு பிள்ளைகளும் எனில் ஆண்டுக்கு 14,400 ரியால். பள்ளிக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் இதற்கு மேல். அக்காலத்தில் பல குடும்பங்கள் படிப்பின் நடுவில் ஊர் திரும்பியதை நாம் கண்டோம். இரண்டு ஆண்டுச் செலவைக் கணக்கிட்டுப் பார்த்து, அது இயலுமாயின் மட்டுமே பிள்ளைகளை அழைத்துச் செல்க.

ஐந்தாவது, திரும்பி வரும் நாள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அங்கே இந்தியும் அரபியும் படித்து வரும் பிள்ளை இங்கே தமிழ்த் தாள் கண்டு கலங்குகிறது. வீட்டில் நாள்தோறும் அரைமணி நேரம் தமிழ் வாசிக்கச் செய்யுங்கள். 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் வெளிநாட்டிலும் கிடைக்கின்றன. மேலும், மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டிற்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் நன்கு படிக்கும் பிள்ளையை இடையில் அழைத்துச் செல்வோர் இந்த வாய்ப்பு கைநழுவும் என்பதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

பிழைப்புக்காக இடம் பெயர்வது நமக்கு மட்டும் உரியதன்று. கல்வராயன் மலை மக்கள் வெளிமாநில வேலைக்குச் செல்கையில், பிள்ளைகளை உறைவிடப் பள்ளியில் விட்டுச் செல்வோரும் உண்டு. உடன் அழைத்துச் சென்று படிப்பை இழக்கச் செய்வோரும் உண்டு. நாட்டின் பெயர் வேறானாலும் பிள்ளை படும் பாடு ஒன்றே.

நிறைவாக ஒரு வேண்டுகோள். குடும்பத்துடன் செல்ல எண்ணுவோர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். அந்நகரில் நம் ஊரார் எவரேனும் இருப்பின், அவரைப் பள்ளிக்கு நேரில் சென்று இடம் உள்ளதா என்று கேட்கச் சொல்வோம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் சேர்க்கை மாதம், கட்டணம், கேட்கும் ஆவணங்கள் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் அவற்றைச் சேர்த்து வைப்போம்.

இனி ஒரு குடும்பத்தை வழியனுப்பும்போது, முஸாஃபஹா செய்யும் கையை விடுமுன் அந்த ஒரு கேள்வியைக் கேட்போம்: "பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததா?"