உடம்புக்கு யார் நாமினி?

(தாராவியில் நடந்த படத்திறப்புக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



அண்ணாச்சி மறைந்து இன்று பதினாறாம் நாள். காலையில் வீட்டில் சடங்கு முடிந்தது. மாலையில் இங்கே படத்திறப்பு. காலையில் அங்கே சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் இங்கே வரவில்லை. இங்கே வந்திருப்பவர்களில் பலர் அங்கே போகவில்லை. முப்பது வருடம் மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த மனிதர் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே ஆளாகத்தான் இருந்தார்.

அவர் பகுத்தறிவாளர் என்பது எல்லோருக்கும் தெரியும். மதினி வெள்ளி தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். மூத்த மருமகள் சி.எஸ்.ஐ. சபை. பக்கத்து வீட்டுப் பாய் நாற்பது வருடச் சிநேகிதர். அன்று இரவு ஏழு மணிக்கு உயிர் பிரிந்தது. எட்டு மணிக்கெல்லாம் அந்தச் சாலின் சந்தில் சண்டை தொடங்கிவிட்டது. எரிப்பதா, ஊர் வழக்கப்படி புதைப்பதா? கொள்ளி வைக்காவிட்டால் ஆவி அலையும் என்றார் ஒருவர். ஆவியாவது, மண்ணாவது என்றார் நம் தோழர். மருமகள் ஓரமாக நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். "முதல்லே ஐஸுக்கு ஆள் அனுப்புங்கப்பா" என்று சொன்னவர் பாய் ஒருவர்தான்.

செத்த பிறகு என்ன என்ற கேள்விக்கு நம் நாட்டில் என்றைக்கும் ஒரே பதில் இருந்ததில்லை. கட உபநிடதத்தில் நசிகேதன் என்ற சிறுவன் எமன் வீட்டு வாசலில் மூன்று இரவு காத்துக் கிடக்கிறான். மூன்றாவது வரமாக அவன் கேட்பது இதைத்தான்: மனிதன் இறந்தபின் இருக்கிறான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர், எது உண்மை? தேவர்களுக்கே இதில் சந்தேகம் இருந்தது, வேறு ஏதாவது கேள் என்கிறான் எமன். எமனே தயங்கிய கேள்விக்கு நம் சந்தில் அரை மணி நேரத்தில் நான்கு தீர்ப்புச் சொன்னார்கள்!

நம் மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். புகார் நகரத்துச் சுடுகாட்டைப் பற்றிச் சாத்தனார் பாடுகிறார். எரிப்பவர்கள், வெறுமனே போட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைப்பவர்கள், பள்ளத்தில் அடைப்பவர்கள், தாழியால் மூடுபவர்கள் என்று ஐந்து விதமானவர்கள் அதே இடத்துக்கு வருகிறார்கள். தாமிரபரணிக் கரைக்காரர்களுக்குத் தாழியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876-இல் தோண்டத் தொடங்கியதிலிருந்து வந்துகொண்டிருப்பதெல்லாம் அந்தத் தாழிகள்தாம். பின்னால் வஞ்சியில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய்க் கேட்கிறாள். ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் மயக்கம் பிறப்பதுபோல் பூதங்கள் சேர்ந்து உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது, மறுபிறப்பு என்பது பொய் என்கிறான் பூதவாதி. அவனை யாரும் அடிக்கவில்லை. உன் தாய் தந்தையர் இன்னார் என்று நீ எப்படி அறிந்தாய், அனுமானத்தால்தானே என்று சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறாள்.

ஒரே மதத்துக்குள்ளும் பதில் ஒன்றல்ல. ஆர்.சி. வீடுகளில் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்மாக்களுக்காக நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சி.எஸ்.ஐ. போதனையில் உத்தரிக்கிற ஸ்தலமே கிடையாது. எரிக்கக் கூடாது என்றிருந்த ரோமன் சபை 1963-இல் எரிக்கலாம் என்று அனுமதித்தது. டாக்டர் அம்பேத்கரின் உடல் 1956 டிசம்பரில் எரியூட்டப்பட்ட தாதர் கடற்கரைக்கு நாமும் ஆண்டுதோறும் போகிறோம். பௌத்தம் ஆன்மாவை ஏற்கவில்லை, மறுபிறப்பைப் பேசுகிறது. இது எப்படி என்று அவரே தம் நூலில் கேட்டு, ஆன்மா திரும்பி வருவதில்லை, உடலின் பூதங்கள்தாம் மீண்டும் சேருகின்றன என்று விளக்குகிறார்.

நம் பகுத்தறிவுத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மதினி இந்தப் பதினாறு நாளும் சாயங்காலம் ஒரு டம்ளர் டீயை, அண்ணாச்சிக்குப் பிடித்தபடி சர்க்கரை தூக்கலாகப் போட்டு, படத்தின் முன்னால் வைத்தார். அதைப் பார்த்து ஓர் இளந்தோழர் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். தோழா, சற்று முன் நீயும்தான் இந்தப் படத்துக்கு மாலை போட்டாய். நாம் எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றா நின்றோம்?

இனி நம் குற்றத்துக்கு வருவோம்.

ஐந்து வருடத்துக்கு முன் அண்ணாச்சி கண்தானப் படிவத்தில் கையெழுத்திட்டார். சங்க ஆபீசில், நம் மேஜையில் வைத்துத்தான் இட்டார். சாட்சிக் கையெழுத்து நம் நிர்வாகிகள் இருவருடையது. சடங்கு வேண்டாம் என்றும் வாயால் சொல்லியிருந்தார். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இரவு ஒரு மணிவரை நேரம் இருந்தது. அந்த ஆறு மணி நேரம் நாம் என்ன செய்தோம்? நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் எப்போது வந்து சேருவார்கள் என்று கணக்குப் போட்டோம். டீ வாங்கிக் கொடுத்தோம். அண்ணாச்சியின் மைத்துனர் குரலை உயர்த்தியதும், சாவு வீட்டில் தகராறு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டோம். மேடையில் வாய் கிழியப் பேசுகிற நாம், பேச வேண்டிய ஒரே இரவில் பேசவில்லை.

பத்தாம் நாள் டிரங்குப் பெட்டியில் பி.எஃப். காகிதங்களுக்கு அடியில் அந்த அட்டையை மதினி பார்த்தார். நம்மைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்களுக்குத் தெரியும்லா? அன்னைக்கே ஏன் சொல்லலை? நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்று கேட்டார். கண்ணில்லாமல் போனால் மேலே வழி தெரியாது என்று மதினி பயப்படுவார் என நாமாகவே முடிவு கட்டியிருந்தோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. பார்வை பெற்றிருக்கக்கூடிய இரண்டு பேர் யாரென்று நமக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

ரயில்வே ஆபீசில் நாம் தினமும் நாமினேஷன் பாரம் பூர்த்தி செய்கிறோம். பி.எஃபுக்கு நாமினி, கிராச்சுவிட்டிக்கு நாமினி. ஒரு எழுத்துப் பிழை இருந்தால் திருப்பி அனுப்புகிறோம். பணத்துக்கு இவ்வளவு ஜாக்கிரதை. உடம்புக்கு யார் நாமினி, அந்த ஆள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. எழுதிவைத்தவருடைய காகிதத்தையும் நாம் வெளியே எடுக்கவில்லை.

மதினி சார்பாக நின்றவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆன்மாவுக்குச் சாதி கிடையாது என்று எல்லா மதத்தாரும் சொல்லிக்கொள்கிறார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் ஒரு தாழ்த்தப்பட்ட தோழரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுமார் இருபது அடி உயரம். சுடுகாட்டுக்குப் போகும் வழி மேல்சாதியார் நிலத்தில் இருந்தது, விடவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த நிலத்துக்காரர்களும் செத்தவருக்குத் திதி கொடுக்கிறவர்கள்தாமே? அண்ணாச்சி பகுத்தறிவாளர் ஆனது புத்தகம் படித்து மட்டுமல்ல. சிறுவயதில் அவருடைய தகப்பனார் பாடை ஊர்த்தெருவைச் சுற்றிக்கொண்டு வயல் வரப்பில் வழுக்கி வழுக்கிப் போனதை நம்மிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பாயிடம் அன்றிரவைப் பற்றிப் பிறகு பேசினோம். அவர்கள் மார்க்கத்தில் ஒருவர் இறந்தால் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுது அடக்குவது ஊரார் எல்லோர்மேலும் கடமையாம். சிலர் செய்துவிட்டால் மற்றவர் பொறுப்புத் தீரும். ஒருவருமே செய்யாவிட்டால் அத்தனை பேரும் குற்றவாளிகள். பர்ளு கிஃபாயா என்கிறார்கள். நம் சங்க விதிகளில் சந்தா பாக்கிக்கு மூன்று பிரிவு இருக்கிறது. இதற்கு ஒரு வரி இல்லை.

ஆகவே செயற்குழு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறது. ஞாயிறு காலை பத்து முதல் ஒரு மணிவரை ஆபீசில் இருக்கும். எரிப்பதா புதைப்பதா, ஐயரா பாதிரியாரா லெப்பையா யாருமே வேண்டாமா, கண்ணும் உடலும் கொடுப்பதா, யாரிடம் சொல்ல வேண்டும் என்று உறுப்பினர்கள் எழுதலாம். எழுதும்போது வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் சேர்ந்து வரவேண்டும். தனியாக வந்தால் எழுதிக்கொள்ள மாட்டோம். மனது மாறினால் அடித்துவிட்டு மாற்றி எழுதலாம். சாவு நிதியிலிருந்து கொடுக்கும் தொகை எல்லோருக்கும் ஒன்றுதான். சடங்கு உண்டா இல்லையா என்று பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ மாட்டோம்.

முதல் பக்கத்தில் மதினி சொல்லச் சொல்ல நாம் எழுதியது இருக்கிறது. அவருடைய அனுமதியோடு படிக்கிறோம்: "புதைக்கணும். பதினாறு கும்பிடணும். மருமக ஜெபம் பண்ணினா பண்ணட்டும். கண்ணை எடுத்துக்கிடலாம். பாய் வீட்டுக்கு முதல்லே தகவல் சொல்லணும்."