ஓரியின் அம்பும் வாடகை ராக்கெட்டும்

(கொல்லிமலை, செம்மேட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வில்லைப் பற்றிப் பேச இதைவிடத் தகுந்த இடம் வேறில்லை. ஓரி ஆண்ட மலை இது. அவன் தொடுத்த அம்பு ஒன்று, யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலே இருந்த உடும்பின் உடலிலே போய்த் தங்கிற்று என்று வன்பரணர் பாடியிருக்கிறார், புறநானூற்றிலே இருக்கிறது. ஓர் அம்பு, ஐந்து இலக்கு! நான் பேச வந்திருப்பதும் ஓர் அம்பைப் பற்றித்தான். ஆனால் அது விண்ணிலே பாய்கிற அம்பு.

2017 பிப்ரவரி 15. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட், 104 செயற்கைக்கோள்களை ஒரே பயணத்தில் ஏந்திச் சென்று, ஒன்றை ஒன்று உரசாமல் விண்ணிலே விட்டது. அவற்றிலே 96 அமெரிக்காவைச் சேர்ந்தவை. டாலர் நாட்டுக்காரன் நம் வாயிற்படியிலே வரிசையில் நின்று கூலி கொடுத்தான், தோழர்களே! அகமகிழ்ந்தோம், மகிழ்ந்ததிலே குற்றமும் இல்லை.

நான்கே ஆண்டுகள். 2021 ஜனவரி 24 அன்று, எலான் மஸ்க் என்ற முதலாளியின் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம், பால்கன்-9 ராக்கெட்டிலே 143 செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்றது. எண்ணிக்கையிலே தோற்றது பெரிதல்ல. நம் ராக்கெட் போனால் போனதுதான், மிச்சம் கடலுக்குச் சொந்தம். அவர்களுடைய ராக்கெட்டின் அடிப்பகுதியோ, ஏவிவிட்டுத் திரும்பி வந்து காலூன்றி நிற்கிறது! 2015 டிசம்பரில் அதை இறக்கிக் காட்டினார்கள். 2017 மார்ச்சில், பறந்ததையே மீண்டும் பறக்க விட்டார்கள். ஒவ்வொரு நடைக்கும் புது லாரி வாங்கி, சரக்கை இறக்கியதும் லாரியை நொறுக்கிவிடுகிறவனும், அதே லாரியை ஆண்டு முழுவதும் ஓட்டுகிறவனும் ஒரே வாடகை கேட்க முடியுமா? நாமக்கல் மாவட்டத்தாருக்கு நானா லாரிக் கணக்குச் சொல்லித் தர வேண்டும்!

இந்த அடியிலே அரசாங்கங்கள் ஆடிப் போயின. ஐரோப்பா தன் ஏரியன்-5 ராக்கெட்டை 2023 ஜூலையிலே ஓய்வுக்கு அனுப்பிற்று. அடுத்த ராக்கெட் ஆயத்தமாகவில்லை. விளைவு? தன் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களை 2024 ஏப்ரலில் மஸ்க்கின் ராக்கெட்டிலேயே ஏற்றி அனுப்ப நேர்ந்தது. நாம் மட்டும் என்ன? 4,700 கிலோ எடையுள்ள நம் ஜிசாட்-என்2, உயர்ந்த பாதைக்கு அவ்வளவு பாரம் தூக்கும் ராக்கெட் நம்மிடம் இல்லாததால், 2024 நவம்பரில் அமெரிக்க மண்ணிலிருந்து பால்கனிலே புறப்பட்டது. ஓராண்டுக்குப் பின், 2025 டிசம்பர் 24 அன்று, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஏறத்தாழ 6,100 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளைத் தாழ்ந்த பாதையிலே நம் எல்.வி.எம்.-3 கொண்டு சேர்த்தது. வாடகை கொடுத்தோம், வாடகை வாங்கினோம். சந்தை என்றால் அப்படித்தான்.

டில்லி என்ன செய்தது? 2020-லே தனியாருக்குக் கதவைத் திறந்தது. 2022-லே ஐந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளைக் கட்டும் பணியை எச்.ஏ.எல்., எல் அண்டு டி கூட்டணியிடம் ஒப்படைத்தது. 2024-லே, ராக்கெட் தொழிலிலே அயல்நாட்டு முதல் 49 சதவீதம் வரை அனுமதி கேளாமலே நுழையலாம் என்றது. கதவு திறந்ததால் வந்தவர்களிலே நம்மவர் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யிலே முளைத்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சிலே வார்த்தெடுத்த எஞ்சினைப் பொருத்தி, 2024 மே 30 அன்று தன் சோதனை ராக்கெட்டைப் பறக்க விட்டது. முன்பு பலமுறை தள்ளிப் போயிற்று, பிள்ளைகள் தளரவில்லை. அவர்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலே கட்டிய ஏவுதளத்தின் பெயர் என்ன தெரியுமா? தனுஷ். வில்! ஓரி கேட்டிருந்தால் புன்னகைத்திருப்பான்.

அந்த இளைஞர்களை நான் தூற்ற வரவில்லை. வாழ்த்துகிறேன். ஆனால் ஓரியின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. விழா மேடைகளிலே அதைச் சொல்வதில்லை. ஓரியைப் போரிலே கொன்றவன் காரி, அவனும் வள்ளலே. கொன்ற பிறகு இந்த மலையைக் காரியா ஆண்டான்? இல்லை, சேரனுக்குக் கொடுத்துவிட்டான்! இருவர் மோதினர், மலை மூன்றாமவன் கைக்குப் போயிற்று. நம் விண்வெளித் துறையும் நம் இளைஞர் நிறுவனங்களும் மோதிக் களைத்த பின், மலை எந்தச் சேரனுக்கு என்று கேட்கிறேன். 49 சதவீதத்துக்கு மேலும் அரசின் அனுமதி பெற்றால் வழி உண்டு என்பதை மறவாதீர்கள்.

பிறர் சரக்கைச் சுமக்கும் வேலை தனியாருக்குப் போகட்டும், எனக்குத் தடையில்லை. சுமக்காத வேலை ஒன்று இருக்கிறது. மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறானே இந்த மலையின் மிளகு விவசாயி, அவனுக்காக 2024 பிப்ரவரி 17 அன்று இன்சாட்-3டி.எஸ். என்ற வானிலைக் கோள் ஏவப்பட்டது. பொதுப்பணம் முழுவதும், அவனிடம் யாரும் சீட்டு நீட்டவில்லை. இதே மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலிருந்து, நிலவின் மண்ணை ஒத்த மண்ணை அரைத்தெடுத்து, அதிலே சந்திரயானின் ஊர்தியை ஓட்டிப் பார்த்தார்கள் விஞ்ஞானிகள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவிலே இறங்கிய போது நம் மாவட்டமும் இறங்கிற்று! எந்த முதலாளி அந்தக் கல்லைத் தேடி வந்திருப்பான்? திரும்பி வரும் அடிப்பகுதியோடு புதிய ராக்கெட் செய்ய 2024 செப்டம்பரில் 8,240 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஒதுக்கியது சரி. தனியார் வந்துவிட்டார்கள் என்று சொல்லி, நாளை அதிலே கை வைத்தால்தான் நாம் குரல் எழுப்ப வேண்டும்.

இன்னொன்று. 2025 மே 18, 2026 ஜனவரி 12 என இரண்டு முறை பி.எஸ்.எல்.வி. தோற்றது; இரண்டிலும் மூன்றாம் கட்டத்திலேயே கோளாறு. தோல்வி இழிவல்ல. ஆனால் முதலாளி தன் நட்டத்தைப் பங்குதாரனுக்குச் சொல்கிறான். இங்கே பங்குதாரர் நீங்கள். உங்களுக்குக் காரணம் முழுவதும் சொல்லப்பட வேண்டாமா?

2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரப்பட்டினத்திலே புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தென்துருவம் நோக்கி ஏவினால், இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை. நிலம் தமிழனுடையது, கடல் மீனவனுடையது. அங்கே பறக்கும் ஒவ்வொரு தனியார் ராக்கெட்டும் என்ன வாடகை தரும், வலை விரிக்க முடியாத நாளுக்கு மீனவனுக்கு என்ன ஈடு, மகேந்திரகிரிக்கும் குலசைக்கும் இம்மலைப் பிள்ளைகள் எத்தனை பேரைப் பயிற்சிக்கு எடுப்பார்கள்? மூன்று கேள்விகள். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். வரும் பதிலை, அடுத்த முறை எழுபது வளைவும் ஏறி வந்து, இதே இடத்திலே உங்கள் முன் படித்துக் காட்டுகிறேன்.