பொருள்வயிற் பிரிந்தோர் வழி

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தைக் கைப்பொருள் செலவிட்டுக் காத்துவரும் அன்பர்களே, இராசபாளையத்திலிருந்தும் திருவில்லிபுத்தூரிலிருந்தும் வந்திருக்கும் கவிஞர் பெருமக்களே!

நான் கவிஞனல்லன், ஊர் ஊராகச் சென்று துணி விற்றவன். சத்திரப்பட்டி விசைத்தறிகளில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணியை வடமாநிலக் கடைகளுக்கு விற்பதும், பாக்கியை வசூலித்து வருவதும் முப்பதாண்டுக் காலம் என் தொழிலாக இருந்தன. எங்கள் பேச்சில் அதற்கு 'லைன் போவது' என்று பெயர். பயணம் பற்றிப் பேசுமாறு நண்பர்கள் பணித்தபோது, காசியையும் இமயத்தையும் பற்றி நான் பேசக்கூடும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். நான் அறிந்ததோ லாட்ஜ் அறையும் லாரி ஆபீசும் முன்பதிவில்லாப் பெட்டியுமே. அவற்றைப் பற்றியே பேச விழைகிறேன்.

பிழைப்புக்காகச் செல்லும் பயணத்துக்கு நம் இலக்கியத்தில் மிகப் பழைய இடமுண்டு. கல்வி, போர், தூது, பொருள் என்று பிரிவுக்கான காரணங்களைத் தொல்காப்பியர் வகுத்துக் கூறுகிறார். பொருள்வயிற் பிரிவைச் சங்கப் புலவர்கள் பாலைத் திணையில் விரிவாகப் பாடினர். உப்பு வணிகரின் வண்டியில் சேம அச்சு கட்டியிருந்ததைக்கூட அவர்கள் பார்க்கத் தவறவில்லை. மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் உதவட்டும் என்று உமணர் வண்டியின் அடியில் கட்டிவைத்த அந்த மாற்று அச்சை, அதியமான் மகன் எழினிக்கு உவமையாக்கினார் ஔவையார். இன்று லாரியின் அடியில் ஸ்டெப்னி சக்கரத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் புறநானூற்றுப் பாட்டு நினைவுக்கு வரும்.

இவற்றினும் என்னை வியக்கவைத்தது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் அவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக மற்ற நான்கும் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்வதாக அமைந்தவை. எவ்வழியே செல்ல வேண்டும், எவ்வூரில் எவர் எவ்வுணவு தருவர் என்றெல்லாம் விவரமாக எடுத்துரைப்பதைக் காண்கிறோம். பன்றிக்கு வைத்த பொறியையும் வழுக்கும் பாறையையும் மலைபடுகடாம் சொல்லி எச்சரிக்கிறது. கேட்பவனும் அதே தொழில் செய்பவன். அதே வள்ளலிடம் கையேந்தப் போகிறவன். வணிக மொழியில் சொன்னால் அவன் போட்டியாளன். போட்டியாளனுக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கிய மரபு நம்முடையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இது ஏட்டில் மட்டும் உள்ள பண்பன்று. நான் முதன்முதல் லைன் புறப்பட்டபோது, ஓய்வுபெறும் நிலையிலிருந்த மூத்த விற்பனையாளர் ஒருவர் தம் குறிப்பேட்டை என்னிடம் தந்தார். எந்தக் கடைக்காரர் மாத முதல் வாரத்தில் பணம் தருவார், எந்த லாட்ஜில் கோடையிலும் தண்ணீர் வரும், எந்த நிலையத்தில் இறங்கினால் தயிர்சோறு கிடைக்கும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார். அவர் வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்தவர். அதற்காக அவர் ஒரு பக்கத்தையும் கிழித்துக்கொள்ளவில்லை.

பின்னொரு முறை, வடக்கே ஒரு நகரில் கடுங்காய்ச்சலில் படுத்துவிட்டேன். அடுத்த அறையில் தங்கியிருந்தவர் இராசபாளையத்துக்காரர். நான் துணி விற்கும் அதே கடைகளுக்குத் துணி விற்பவர். மூன்று இரவுகள் உடனிருந்து கஞ்சி வாங்கித் தந்தார். பகலில் தம் ஆர்டரோடு என் ஆர்டரையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். நன்றி சொன்னபோது, "ஊரில் போட்டி போட்டுக்கொள்ளலாம் அண்ணாச்சி, இங்கே எதற்கு?" என்றார்.

பாலைப் பாடல்கள் வழிச்செல்வோனை மட்டும் பாடவில்லை. வீட்டில் இருப்பவளின் குரலையும் கேட்டன. பிரிந்த நாள்களைச் சுவரில் கோடிட்டு எண்ணும் தலைவியை அவற்றில் காண்கிறோம். என் இல்லத்துச் சமையற்கட்டுச் சுவரிலும் பால் கணக்கின் அருகே அத்தகைய கோடுகள் இருந்தன. இரவில் கட்டணம் குறையும்வரை எஸ்.டி.டி. பூத்தில் காத்திருந்து நான் பேசிய இரண்டு நிமிடங்களில், குழந்தைக்கு வந்த காய்ச்சலை அவள் சொன்னதேயில்லை. ஊர் திரும்பிய பிறகே அறிந்துகொள்வேன். நம் புதுக்கவிதையில் பேருந்தின் சன்னலோரம் நிறைய உண்டு. இந்தச் சமையற்கட்டுச் சுவர் போதிய அளவு இல்லை என்பது என் தாழ்மையான கருத்து.

நம் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள பாதை ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். பெரியாழ்வார் பாண்டியன் அவைக்குச் சென்று பொற்கிழி பெற்றுத் திரும்பியதாகக் கூறும் வரலாற்றில், திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் சென்ற அந்த வழி இன்று கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று பேருந்து நடத்துநர் குரலில் ஒலிக்கிறது. 1927-இல் விருதுநகர் - தென்காசி ரயில்பாதை வந்தது. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராசபாளையம் மில்லை நிறுவினார். அதன்பின் இப்பாதை ஷிப்டுக்குச் செல்வோரின் பாதையும் ஆயிற்று. இரவு ஷிப்டு முடிந்து கண்ணயர்ந்தபடி திரும்பும் பெண்கள், பால்கோவாப் பெட்டிகளை மடியில் வைத்திருக்கும் முதியவர், சாம்பிள் பையோடு நிற்கும் இளைஞர் என எல்லோரையும் விடியற்காலைப் பேருந்தில் காணலாம்.

இப்போது அப்பேருந்தில் ஒரியாவும் இந்தியும் கேட்கின்றன. நான் எந்தத் திசையில் மொழி தெரியாமல் நின்றேனோ, அத்திசையிலிருந்து இளைஞர்கள் நம் ஆலைகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களும் பொருள்வயிற் பிரிந்தவர்களே. அவர்கள் வீட்டுச் சுவரிலும் யாரோ கோடிட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். கைப்பேசி அவர்களுக்கு ஆலைக்கு வழி காட்டிவிடும். எந்த மெஸ்ஸில் கடன் தருவார்கள், எந்தத் தரகரை நம்பக் கூடாது என்பதை ஆளுக்கு ஆள்தான் சொல்ல வேண்டும்.

கவிஞர்களே, இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. வாரம் ஒருநாள் அந்த விடியற்காலைப் பேருந்தில் ஏறுங்கள். லாரி ஓட்டுநரிடமும் ஆலைப் பெண்ணிடமும் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞரிடமும் பேசுங்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழிகளைக் கேட்டு எழுதுங்கள். அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்போரையும் கேளுங்கள். எனக்குக் கிடைத்த குறிப்பேட்டை, என் பங்குக்கு நான் எழுதிச் சேர்த்த பக்கங்களோடு, இவ்வட்டத்தின் நூலகத்துக்கு இன்று ஒப்படைக்கிறேன். வேண்டுவோர் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.