சிற்பக் கலைக்கு நாட்டின் விருது

ஒரு நாடு தன் கலைஞர்களுக்கு விருது வழங்கும்போது, எதனைக் கலையென ஏற்கிறது என்பதையும் உடன் அறிவித்துவிடுகிறது. இவ்வுண்மை சிற்பத் துறையில் தெளிவாகப் புலப்படுகிறது. கல்லிலும் உலோகத்திலும் உருவம் சமைப்போர் இந்தியாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரே தொழிலைச் செய்து வருகின்றனர். எனினும், நாட்டின் விருதுகள் அவர்களை இருவேறு வாயில்களின் வழியே வரவேற்கின்றன. இதன் காரணத்தையும் விளைவையும் மாணவர்களும் அலுவலர்களும் அறிந்திருத்தல் நலம்.

இரண்டு வாயில்கள்

விடுதலைக்குப் பின் மன்னர்களின் ஆதரவு மறைந்தது. கலைகளைப் பேணும் பொறுப்பு அரசைச் சார்ந்தது. 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், அன்றைய கல்வியமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் லலித் கலா அகாதெமியைத் தொடங்கி வைத்தார். ஓவியம், சிற்பம் முதலிய நுண்கலைகளை வளர்ப்பது அதன் பணி. அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌதுரி ஒரு சிற்பி. சென்னைக் கலைப் பள்ளியை நீண்டகாலம் நடத்திய அவருடைய ‘உழைப்பாளர் சிலை’ 1959ஆம் ஆண்டு முதல் மெரினா கடற்கரையில் நிற்கிறது. அகாதெமி நடத்தும் தேசியக் கலைக் கண்காட்சியும், அதில் தேர்ந்தெடுக்கப்படும் படைப்புகளுக்கான தேசிய விருதும் நாட்டின் நவீன சிற்பிகள் பலருக்கு முதல் அங்கீகாரமாக அமைந்தன.

இரண்டாவது வாயில் 1965ஆம் ஆண்டு திறந்தது. தலைசிறந்த கைவினைஞர்களுக்கான தேசிய விருது அவ்வாண்டு ஏற்படுத்தப்பட்டது. 2002ஆம் ஆண்டில், மூத்த கைவினைஞர்களுக்கென ‘சில்ப குரு’ என்னும் உயரிய விருதும் சேர்ந்தது. இவற்றை மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கவனித்து வருகிறது. பரம்பரையாகக் கல் செதுக்குவோர், உலோகம் வார்ப்போர், மரம் கடைவோர் ஆகியோர் பெரும்பாலும் இவ்வழியே சிறப்பிக்கப்படுகின்றனர்.

ஆக, கலைக் கல்லூரியில் பயின்றவர் ‘கலைஞர்’ எனவும், தந்தையின் பட்டறையில் பயின்றவர் ‘கைவினைஞர்’ எனவும் அழைக்கப்படுகின்றனர். நிருவாக வசதிக்காக எழுந்த இப்பிரிவினை நாளடைவில் மதிப்பின் பிரிவினையாகவும் மாறியது. முன்னவரின் படைப்பு கலைக்கூடத்தை அடைகிறது. பின்னவரின் படைப்பு பெரும்பாலும் விற்பனை நிலையத்தை அடைகிறது.

ஒரு கோட்டைக் கடந்தவர்

இப்பிரிவினை இயற்கையானதன்று என்பதற்கு மீரா முகர்ஜியின் வாழ்க்கை சான்று. 1923ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த அவர், தில்லியிலும் ஜெர்மனியின் மியூனிக் நகரிலும் முறையான கலைப் பயிற்சி பெற்றார். தாயகம் திரும்பியபின், பஸ்தர் பகுதியின் உலோக வார்ப்பாளர்களிடம் சென்று மாணவியாக அமர்ந்தார்.

அவர்கள் கையாளும் முறை தொன்மையானது. முதலில் களிமண்ணால் உட்கரு அமைக்கப்படுகிறது. மெல்லிய இழைகளாகத் திரட்டிய தேன்மெழுகு அதன்மேல் சுற்றப்பட்டு உருவம் பெறுகிறது. அதன்மீது மீண்டும் களிமண் பூசி, சூளையிலிட்டால் மெழுகு உருகி அகல்கிறது. அவ்விடத்தை உருகிய உலோகம் நிரப்புகிறது. அச்சை உடைத்தே உருவத்தை வெளியே எடுக்க இயலும். எனவே, ஒரே அச்சில் இரண்டாவது உருவம் பிறப்பதில்லை.

இம்முறையைத் தம் பெரிய வெண்கலச் சிற்பங்களுக்கு ஏற்ப வளர்த்தெடுத்த மீரா முகர்ஜிக்கு 1968ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரின் விருது வழங்கப்பட்டது. அது நவீன சிற்பிக்கான விருதன்று. உலோக வேலையில் தலைசிறந்த கைவினைஞருக்கான விருது. ஐரோப்பாவில் பயின்ற சிற்பி ஒருவர் பட்டறையின் வாயில் வழியே மதிப்புப் பெற்றார். நாட்டின் உலோகக் கைவினைஞர்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு நூல் 1978இல் வெளிவந்தது. அதே பஸ்தர் மண்ணில் தோன்றிய ஜெய்தேவ் பகேல் பரம்பரை வார்ப்பாளராகத் தேசிய விருது பெற்று, தம் படைப்புகளை அயல்நாட்டுக் கண்காட்சிகள் வரை கொண்டு சென்றார். இவ்விருவரின் படைப்புகளையும் அருகருகே வைத்துக் காண்போர், எது கலை, எது கைவினை என்று கோடு கிழிக்கத் தயங்குவர்.

விருதுக்குப் பின் வேண்டுவன

சிற்பத்தின் சிக்கல்கள் ஓவியத்தின் சிக்கல்களிலிருந்து வேறுபட்டவை. முதலாவது, மூலப்பொருள். சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் 1938ஆம் ஆண்டு ‘சந்தால் குடும்பம்’ என்னும் பெருஞ்சிற்பத்தைச் சிமெண்டும் செம்புராங்கல் துகள்களும் கலந்த கலவையால் திறந்த வெளியில் அமைத்தார். விலையுயர்ந்த வெண்கலத்தை நாடாமல், கைக்கெட்டிய பொருளையே அவர் புதுமையாக்கினார். ஆயினும் எல்லாச் சிற்பிகளும் அவ்வாறு ஈடுகொடுக்க இயலாது. செம்பும் மெழுகும் விறகும் விலையேறும்போது, பட்டறையில் முதலில் குறைவது புதுமுயற்சியே.

இரண்டாவது, இடம். உளியோசையும் உலைப்புகையும் நகரக் குடியிருப்புகளில் ஏற்கப்படுவதில்லை. இதனை உணர்ந்தே 1976ஆம் ஆண்டு தில்லியின் கடியில் அகாதெமியின் கலைக்கூடங்கள் தொடங்கப்பட்டன. அம்முயற்சியில், ராம்கிங்கரின் மாணவரும் பரோடாவில் சிற்பத் துறையை வளர்த்தவருமான சங்கோ சௌதுரிக்குப் பெரும் பங்குண்டு.

மூன்றாவது, பணி வாய்ப்பு. புதுதில்லி ரிசர்வ் வங்கியின் முகப்பில் நிற்கும் யட்சன், யட்சி உருவங்களை ராம்கிங்கர் படைத்தார். பொதுக் கட்டடங்கள் இந்தியக் கலைஞர்களுக்கு இடமளிக்க வேண்டும் என்னும் பண்டித நேருவின் கருத்து அம்முயற்சிக்கு ஊக்கமாக இருந்தது. காங்க்ரா பகுதியிலிருந்து கல் தேடிக் கொணர்ந்து, பல ஆண்டுகள் உழைத்த பின்னரே அவை நிறைவுற்றன. பொதுநிறுவனம் ஒன்று பொறுமையுடன் காத்திருந்தமையால் அச்சிற்பங்கள் நாட்டிற்குக் கிடைத்தன.

நான்காவது, மாணவர் பரம்பரை. ஒடிசாவின் கற்சிற்பி ரகுநாத் மகாபாத்ரா மூன்றாம் வகுப்பு வரையே பள்ளியில் பயின்றவர். புவனேசுவரத்தின் கைவினைப் பயிற்சி நிலையத்தில் அவர் இளைஞர் பலருக்குக் கற்பித்தார். 2013ஆம் ஆண்டு பத்ம விபூஷண் பெற்ற அவர், 2021இல் கொரோனா நோயால் மறைந்தார். அவர் பெற்ற விருதுகள் பட்டயங்களாக எஞ்சியுள்ளன. அவர் கற்பித்த தொழிலோ மாணவர்களின் கைகளில் தொடர்ந்து வாழ்கிறது.

அலுவலர்களும் மாணவர்களும்

இவற்றிலிருந்து சில கடமைகள் தெளிவாகின்றன. தேர்வுக் குழுக்கள் சிற்பத்தை நிழற்படத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. சுற்றி வந்து காண்பதற்கென்றே ஆன கலையில், ஒரு கோணத்துப் படம் முதுகையும் பக்கவாட்டையும் மறைத்துவிடும். கனமான படைப்பைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் செலவு சிற்றூர்ச் சிற்பியைப் போட்டியிலிருந்தே விலக்கிவிடக்கூடும். அச்செலவை ஏற்பதும் ஊக்குவிப்பின் ஒரு பகுதியே. விருது பெற்றவருக்கு அரசுக் கட்டடங்களில் பணி வழங்குவது, பரிசுத் தொகையைக் காட்டிலும் நீண்டநாள் பயன் தரும். பட்டறைக் கைவினைஞரைக் கலைக் கல்லூரிகளுக்கு ஆசிரியராக அழைப்பதும், கல்லூரி மாணவரைப் பட்டறைக்கு அனுப்புவதும் பெருஞ்செலவின்றி இயலக்கூடியவை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. ஒரு வெண்கலச் சிலையில் மெழுகு வடிப்பவர், மண் பூசுபவர், உலை காப்பவர், அரம் தேய்ப்பவர் எனப் பலரின் உழைப்பு அடங்கியுள்ளது. விருதுப் பட்டயத்திலோ ஒருவர் பெயரே இடம்பெறுகிறது. தலைமைச் சிற்பியின் மதிப்பை இது சிறிதும் குறைப்பதன்று. ஆயினும், அப்பட்டறை முழுவதற்கும் தொழில் நிலைக்கும் என்ற உறுதியை அளிக்கும்போதுதான், விருது தான் போற்றிய கலையை அடுத்த தலைமுறையிடம் சேர்க்கும்.