சிக்கிய வெற்றுக்கோது

வியற்னாம் போரில் அமெரிக்க வீரர்க்கு வழங்கப்பட்ட எம்-16 துப்பாக்கி, சமர் நடுவே அடிக்கடி செயலற்றுப் போயிற்று. சுட்டபின் வெளியே விழவேண்டிய வெற்றுக்கோது உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வீரன் குழல்வாயிற் கோலொன்றை விட்டு அதனை இடித்துத் தள்ளவேண்டும். பகைவனோ எதிரே நிற்கின்றான்!

வீரர் துப்பாக்கியைத் துடைப்பதில்லையென மேலதிகாரிகள் சிலர் குறைகூறினர். துடைக்குங் கருவிகளோ போதியளவு கிடைக்கவில்லை. பாடநூல் கொடாமல் மாணவனைக் கடிந்த கதைதான்!

மெய்க்காரணம் வேறு. துப்பாக்கியை ஆக்கியோர் கருதிய வெடிமருந்தை விடுத்து, 1964இல் வேறொரு வகையைப் படைத்துறை ஏற்றது. அது பொறியை மிகை வேகத்தில் இயக்கிற்று. கரியும் மிகுதியாகப் படிந்தது. தோட்டா அமரும் அறைக்குத் துருவைத் தடுக்கும் குரோமியப் பூச்சுமில்லை.

1967 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக்குழு, இக்குறைகளைத் திருத்தாதிருந்தமை குற்றத்தை அண்டிய அலட்சியமெனக் கண்டித்தது. அறைக்குக் குரோமியம் பூசினர். துடைக்குங் கருவிகளும் வந்துசேர்ந்தன.