எழும்பூரில் வேலை பார்க்கும் நம்ம பொண்ணு



எங்க குழு அக்கா ஒருத்தங்களோட பொண்ணு 4 வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படிச்சு, சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்க்கிறது. லால்குடியில் ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம், அவ்வளவுதான் தூரம்.

பெரியவங்களுக்குன்னா ஒரு மாத்திரைன்னு கொடுத்திடலாம். பிள்ளைங்களுக்கு எடை பார்த்து, கணக்குப் போட்டு, மில்லி அளவில் மருந்து கொடுக்கணும். எங்க வலிக்குதுன்னு கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. குச்சி மாதிரி இருக்கிற கையில் நரம்பு தேடி ஊசி போடணும். ராத்திரி 2 மணிக்கும் இதே வேலைதான்.

அந்த ராத்திரி வேலையைக் காரணம் சொல்லித்தான் பொண்ணு பார்க்க வந்தவங்க வேண்டாம்னுட்டாங்க. (அவங்க வீட்டுப் பிள்ளைக்கு நடுராத்திரி ஜுரம் வந்தா மட்டும் நர்சு முழிச்சிருக்கணும்!) அடுத்து வர்றவங்க வேலையை விடச் சொன்னா சம்மதிக்காதீங்கக்கான்னு சொல்லியிருக்கேன்.

பிளஸ் டூ முடிச்ச பொண்ணு வச்சிருக்கிறவங்க, கூட்டம் முடிஞ்சதும் அந்த அக்காவிடம் விவரம் கேளுங்க. முன் வரிசையிலதான் உட்கார்ந்திருக்காங்க.